சூத்திரம் எங்கே பிழைக்கிறது: அறிகுறியைக் கொண்டு காரணத்தைப் பிடித்தல்

வயலில் நின்றுபோன உழவு இயந்திரத்தைத் திருத்த வருபவர் எடுத்த எடுப்பிலேயே அதை முழுவதும் கழற்றிப் போடுவதில்லை. கறுப்புப் புகை கக்கினால் முதலில் காற்று வடிகட்டியைப் பார்ப்பார். இயக்கியதும் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கினால் டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். இரசாயனச் சூத்திரத்தில் வரும் பிழையையும் அப்படித்தான் அணுகவேண்டும் என்பது, கிளிநொச்சிப் பக்கத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்து வருபவன் என்ற முறையில் என் கருத்து. பிழையான சூத்திரத்தைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், பிள்ளை அந்த ஒரு சூத்திரத்தை மனனம் செய்துகொள்ளும். அடுத்த சேர்வையில் அதே பிழை வேறு உருவில் வந்து நிற்கும். பிழை கண்ணில் படுவது சூத்திரத்தில்தான் என்றாலும், அது பெரும்பாலும் அதற்கு இரண்டு படி முன்னரே, இலத்திரனை எண்ணும்போதோ அயனின் (இலத்திரனை இழந்தோ வாங்கியோ ஏற்றம் பெற்ற துணிக்கையின்) ஏற்றத்தை எடுக்கும்போதோ பிறந்துவிடுகிறது.

கீழே குறியீடுகளை வகுப்பில் வாய்விட்டு வாசிக்கும் ஒலிப்படியே எழுதுகிறேன். சோடியம் குளோரைட்டு ‘என்ஏ-சீஎல்’ என்றும் நீர் ‘எச்₂-ஓ’ என்றும் வரும். மூலகங்களுக்கு இடையிலுள்ள சிறு கோடு வாசிக்கும் வசதிக்கு மட்டுமே உரியது. விடைத்தாளில் ஆங்கில எழுத்துகளைக் கோடின்றிச் சேர்த்தே எழுதவேண்டும்.

அறிகுறி: குறியீடே பிழையாக இருக்கிறது

சோடியத்துக்கு ‘எஸ்ஓ’ என்றும் பொற்றாசியத்துக்கு ‘பீ’ என்றும் இரும்புக்கு ‘ஐ’ என்றும் எழுதும் பிள்ளை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தை எடுத்துக்கொள்கிறது. பேசீலியசு என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1813, 1814 ஆம் ஆண்டுகளில் இந்தக் குறியீட்டு முறையை வகுத்தபோது இலத்தீன் பெயர்களையே அடியாகக் கொண்டார். நாத்திரியம், காலியம், பெரம், குப்ரம், ஆர்கெந்தம், ஓரம், பிளம்பம், சுத்தன்னம், ஐதரார்சிரம் என்ற ஒன்பது பெயர்களையும் சோடியம், பொற்றாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, பொன், ஈயம், வெள்ளீயம், இரசம் என்பவற்றுக்கு நேரே ஒருமுறை எழுதி வைத்தால், இப்பாடத்தில் வரும் ‘ஒவ்வாத’ குறியீடுகள் அத்தனையும் முடிந்துவிடும்.

இதைவிட நுட்பமானது பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிழை. நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதும் சோதனை ஒன்றில் ‘சீ, ஓ’ என்று சொன்னேன். எல்லோரும் எழுதிவிட்டார்கள், பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் பேனையை வைத்துவிட்டு, “சேர், சின்ன ஓவா, பெரிய ஓவா?” என்று கேட்டது. சின்ன ஓ என்றால் அது கோபாற்று என்ற உலோகம். பெரிய ஓ என்றால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. முதலாவது ஒரே அணுவின் குறியீடு, இரண்டாவது இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் இந்தப் பிழையைக் கேட்டுப் பிடிக்க முடியாது, கொப்பியைப் பார்த்தே பிடிக்கவேண்டும். ஒவ்வொரு பெரிய எழுத்தும் ஒரு புதிய மூலகத்தின் தொடக்கம் என்ற ஒரு விதி போதும். சூத்திரத்தில் எத்தனை பெரிய எழுத்துகள் என்று எண்ணினால் எத்தனை மூலகக் குறியீடுகள் என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி: குளோரினில் 18.5 நியூத்திரன்கள்

திணிவெண்ணிலிருந்து (புரோத்தன்களும் நியூத்திரன்களும் சேர்ந்த எண்ணிக்கை) அணுவெண்ணைக் (புரோத்தன் எண்ணிக்கை) கழித்தால் நியூத்திரன் எண்ணிக்கை வரும் என்று பிள்ளை சரியாகவே படித்திருக்கிறது. ஆனால் ஆவர்த்தன அட்டவணையில் குளோரினுக்கு நேரே 35.5 என்று கண்டதும் அதிலிருந்து 17ஐக் கழித்துவிடுகிறது. அரை நியூத்திரன் என்று ஒன்று இல்லை. அட்டவணையில் இருப்பது ஓர் அணுவின் திணிவெண் அல்ல, சார் அணுத்திணிவு. இயற்கையில் கிடைக்கும் குளோரின் அணுக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு 35 திணிவெண் கொண்டவை, எஞ்சிய பங்கு 37 திணிவெண் கொண்டவை. அந்த இரு சமதானிகளின் சராசரிதான் 35.5. முதல் வகை அணுவில் 18 நியூத்திரன்கள், இரண்டாம் வகையில் 20. விடையில் தசமம் வந்தால் வினாவில் திணிவெண் தரப்பட்டிருக்கிறதா, சராசரி தரப்பட்டிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவேண்டும்.

அறிகுறி: சோடியம் அயனில் 12 இலத்திரன்கள்

என்ஏ⁺ என்பதிலுள்ள கூட்டல் அடையாளத்தைப் பிள்ளை ‘ஒன்றைக் கூட்டு’ என்ற கட்டளையாக வாசிக்கிறது. அந்த அடையாளம் இலத்திரனைப் பற்றியதல்ல, நேர் ஏற்றத்துக்கும் எதிர் ஏற்றத்துக்கும் இடையில் மிஞ்சும் மீதியைப் பற்றியது. சோடியத்தில் 11 புரோத்தன்கள். அவை கருவுக்குள் இருப்பதால் எந்த இரசாயனத் தாக்கத்திலும் இடம்பெயர்வதில்லை. வெளியே ஓட்டில் இருக்கும் இலத்திரன்தான் போகும், வரும். 11 இலத்திரன்களில் ஒன்று போனால் 10. பதினொரு நேர், பத்து எதிர், மீதி ஒரு நேர். குளோரின் ஒன்றை வாங்கினால் 17 நேர், 18 எதிர், மீதி ஓர் எதிர். பிள்ளை தடுமாறினால் “புரோத்தன் எத்தனை?” என்று மட்டும் கேளுங்கள், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக நேராகும்.

1897 இல் தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். 1911 இல் இரதபோட்டு அணுவின் நடுவில் கரு இருப்பதைக் காட்டினார். நியூத்திரன் 1932 இல் சட்விக்கின் கையில்தான் அகப்பட்டது. இந்த ஆண்டுகளை மனனம் செய்யும் பிள்ளைகள் பலருக்கு, கருவும் ஓடும் தனித்தனி இடங்கள் என்பதும் சூத்திரம் எழுதும் வேலை முழுவதும் ஓட்டிலேயே நடக்கிறது என்பதும் உறைப்பதில்லை.

அறிகுறி: எல்லாச் சேர்வையும் ஒன்றுக்கு ஒன்று என்றே வருகிறது

மகனீசியம் குளோரைட்டுக்கு எம்ஜீ-சீஎல், சோடியம் ஒட்சைட்டுக்கு என்ஏ-ஓ, அலுமினியம் ஒட்சைட்டுக்கு ஏஎல்-ஓ. இரண்டு பெயர்கள் இருக்கின்றன, எனவே இரண்டு குறியீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சேர்வை வந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கிறது. இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை, ஏனெனில் நவீன அணுக்கொள்கையைத் தந்த ஜோன் டோல்டனே இதே பிழையை விட்டவர். இரண்டு மூலகங்களிலிருந்து ஒரேயொரு சேர்வைதான் தெரிந்திருக்கிறது என்றால் அதில் ஒவ்வோர் அணுவே இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதனால் 1808 இல் அவர் வெளியிட்ட கொள்கையில் நீர் என்பது ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் மட்டுமே. அதன் விளைவாக ஒட்சிசனின் அணுத்திணிவு 16க்குப் பாதிக்கும் குறைவாகக் கணக்கிடப்பட்டது. 1811 இல் அவகாதரோ திருத்தத்துக்கு வழி காட்டியும் எவரும் பெரிதாகக் காதுகொடுக்கவில்லை. 1860 இல் ஜேர்மனியின் காள்சுறூகே நகரில் கூடிய இரசாயனவியலாளர் மாநாட்டில் கன்னிசாரோ அதை எடுத்து வைத்த பின்னரே சூத்திரங்கள் ஒழுங்குக்கு வந்தன. அரை நூற்றாண்டு பிடித்த திருத்தம் ஒரு மாலை வகுப்பில் நடக்கவேண்டும் என்பதை ஆசிரியர்கள் நினைவில் வைப்பது நல்லது.

இதற்கு நான் கையாளும் மருந்து புளியங்கொட்டை. மண்ணில் வட்டங்கள் கீறி, மகனீசியத்துக்கு 2, 8, 2 என்று கொட்டைகளை அடுக்கச் சொல்வேன். பக்கத்தில் குளோரினுக்கு 2, 8, 7. வெளி ஓட்டில் எட்டு நிறைந்த சடத்துவ வாயுவின் ஒழுங்குக்கு இரண்டும் வரவேண்டும் என்பது விளையாட்டின் விதி. மகனீசியத்திடமிருந்து இரண்டு கொட்டைகளையும் பிள்ளை எடுக்கும், ஒன்றைக் குளோரினின் வெற்றிடத்தில் வைக்கும், அது எட்டாகிவிடும். மற்றது உள்ளங்கையில் நிற்கும். அந்தக் கொட்டையை எங்கே வைப்பது என்று பிள்ளை என்னைப் பார்க்கும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை. சிறிது நேரத்தில் அதுவே இன்னொரு குளோரினை மண்ணில் கீறிவிடும். எம்ஜீ-சீஎல்₂ என்பதிலுள்ள 2 எங்கிருந்து வந்தது என்பதை அதன்பின் எவரும் விளக்கத் தேவையில்லை. ஓர் அணு இப்படிக் கொடுக்கும், வாங்கும் அல்லது பங்கிடும் இலத்திரன்களின் எண்ணிக்கையே அதன் வலுவளவு.

இதே வேறுபாட்டை ஆனையிறவு உப்பளத்திலும் காணலாம். ஒரே கடல்நீரைப் பாத்திகளில் வற்றவிடும்போது முதலில் கல்சியம் காபனேற்றும் பின்னர் கல்சியம் சல்பேற்றும் படிகின்றன. அதற்குப் பிறகே நாம் அள்ளும் என்ஏ-சீஎல் விளைகிறது. உப்பை அள்ளிய பின் எஞ்சும் கசப்பு நீரில் எம்ஜீ-சீஎல்₂ மிகுந்திருக்கிறது. ஒன்றுக்கு ஒன்றும் ஒன்றுக்கு இரண்டும் ஒரே பாத்தியில் கிடந்தவை. மாரி காலத்தில் சுத்திகரிக்காத உப்பு கசிந்து கரண்டியில் ஒட்டுவதற்கு, அதனோடு வந்துவிட்ட அந்த மகனீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது முக்கிய காரணம்.

அறிகுறி: குறுக்கே மாற்றியும் எம்ஜீ₂-ஓ₂ என்று நிற்கிறது

வலுவளவுகளைக் குறுக்கே மாற்றி எழுதும் முறையை நான் வெறுக்கவில்லை. ஆனால் புளியங்கொட்டைக்கு முன்னர் அதைக் கற்றுக் கொடுப்பதை வெறுக்கிறேன். முறையை மட்டும் கற்ற பிள்ளை மகனீசியத்துக்கு 2, ஒட்சிசனுக்கு 2 என்று மாற்றிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அயன் சேர்வையில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. பளிங்கில் அயன்கள் இடைவிடாது அடுக்கப்பட்டிருக்கின்றன. சூத்திரம் அவற்றின் மிக எளிய விகிதத்தைத்தான் சொல்கிறது. எனவே இரண்டுக்கு இரண்டு என்பதை ஒன்றுக்கு ஒன்றாகச் சுருக்கி எம்ஜீ-ஓ என்று எழுதவேண்டும். அலுமினியம் ஒட்சைட்டில் ஏற்றங்கள் 3, 2 என்பதால் ஏஎல்₂-ஓ₃ சுருங்காது.

இதைச் சொன்ன மறுநாளே எதிர்ப்பிழை தலைகாட்டும்: ஐதரசன் பேரொட்சைட்டின் எச்₂-ஓ₂ ஐப் பிள்ளை எச்-ஓ என்று சுருக்கிவிடும். அது அயன் சேர்வை அல்ல. இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பங்கீட்டு வலுப் பிணைப்பால் ஆன மூலக்கூறு. அங்கே சூத்திரம் விகிதத்தைச் சொல்வதில்லை, ஒரு மூலக்கூறில் உண்மையாக இருக்கும் அணுக்களை எண்ணிச் சொல்கிறது. குளுக்கோசின் சீ₆-எச்₁₂-ஓ₆ ஐச் சுருக்காமல் வைத்திருப்பதும் இதனால்தான். உலோகமும் அல்லுலோகமும் சேர்ந்திருந்தால் சுருக்கலாம், இரண்டும் அல்லுலோகம் என்றால் கை வைக்காதே என்பது சாதாரண தரப் பரீட்சைக்குப் பெரும்பாலும் போதுமான விதி.

அறிகுறி: அடைப்புக்குறி காணாமல் போகிறது

கல்சியம் ஐதரொட்சைட்டைச் சீஏ-ஓ-எச்₂ என்று எழுதுவது வன்னியில் மட்டுமல்ல, எங்கும் நடக்கும் பிழை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதான் அந்தச் சேர்வை. ஐதரொட்சைட்டு அயன் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஒரே பொதி. அதன் ஏற்றம் 1, கல்சியத்தின் ஏற்றம் 2. ஆகவே பொதி இரண்டு வேண்டும். சீஏ-(ஓ-எச்)₂ என்று எழுதினால் இரண்டு ஒட்சிசன், இரண்டு ஐதரசன். அடைப்புக்குறி இல்லாவிட்டால் 2 என்பது ஐதரசனோடு மட்டும் ஒட்டிக்கொள்கிறது, ஓர் ஒட்சிசன் காணாமல் போகிறது.

சொல்லி விளங்காத இந்த இடத்தை எனக்கு விளக்கித் தந்தது ஓர் உரப்பை. வகுப்பு மாமரத்தடியில் நடப்பதால் பிள்ளைகள் வெறும் யூரியாப் பைகளை விரித்து அமர்வது வழக்கம். இரணைமடுக் குளத்தை நம்பி நெல் விதைக்கும் வீடுகளில் அந்தப் பைகளுக்குக் குறைவில்லை. யூரியாவின் சூத்திரத்தில் ‘என்-எச்₂’ என்ற கூட்டம் இரண்டு முறை வருகிறது என்று சொல்லி எழுதச் சொன்னபோது, ஒரு பையன் அடைப்புக்குறியை விட்டுவிட்டு சீ-ஓ-என்-எச்₂₂ என்று எழுதிக் கொண்டுவந்து, தான் எழுதியது சரிதான் என்று நின்றான். அவன் இருந்த பையில் நைதரசன் 46 சதவீதம் என்று அச்சிடப்பட்டிருந்தது. அவனுடைய சூத்திரத்தைக் கொண்டே கணக்கைச் செய்யச் சொன்னேன். காபன் 12, ஒட்சிசன் 16, நைதரசன் 14, ஐதரசன் 22, கூட்டினால் 64. அதில் நைதரசன் 14 என்றால் 22 சதவீதம்கூட இல்லை. பின்னர் சீ-ஓ-(என்-எச்₂)₂ என்று எழுதிச் செய்தான். காபன் 12, ஒட்சிசன் 16, நைதரசன் 28, ஐதரசன் 4, மொத்தம் 60. 60இல் 28 என்பது 46.7 சதவீதம். பையை இழுத்துப் பார்த்துவிட்டு, அடைப்புக்குறியைத் தானே தடித்த கோட்டில் மீண்டும் கீறிக்கொண்டான். அரைவாசி நைதரசனை ஓர் அடைப்புக்குறி விழுங்கிவிடும் என்பது ஒரு கமக்காரனின் மகனுக்கு நான் சொல்லி விளங்கவேண்டிய நட்டமல்ல.

மறுபக்கப் பிழையும் உண்டு: என்ஏ-(ஓ-எச்), சீஏ-(சீஎல்)₂. பொதி ஒன்றுதான் என்றாலோ, உள்ளே இருப்பது ஒரே மூலகம் என்றாலோ அடைப்புக்குறி வேண்டாம்.

அமோனியம் நைத்திரேற்றை என்₂-எச்₄-ஓ₃ என்று கூட்டி எழுதுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அணுக்களின் எண்ணிக்கை சரி. ஆனால் அந்தச் சேர்வையில் இரண்டு நைதரசன்களும் வேறு வேறு அயன்களில் இருக்கின்றன. ஆகவே என்-எச்₄-என்-ஓ₃ என்று அயன்களைப் பிரித்தே காட்டவேண்டும்.

அறிகுறி: சல்பைட்டும் சல்பைற்றும் சல்பேற்றும் ஒன்றாகக் கலக்கின்றன

இது நம்முடைய எழுத்தோடு சேர்ந்து வரும் சிக்கல். இலங்கைப் பாடநூல்களில் ‘ட்டு’ என்று முடிவதும் ‘ற்று’ என்று முடிவதும் வேறு வேறு பொருள் தருபவை. கண் ஓட்டத்தில் வாசிக்கும் பிள்ளை சோடியம் சல்பைட்டையும் சோடியம் சல்பைற்றையும் ஒன்றென்றே கொள்ளும். முன்னது என்ஏ₂-எஸ், அதில் கந்தகம் தனியே. பின்னது என்ஏ₂-எஸ்-ஓ₃. சல்பேற்று என்றால் என்ஏ₂-எஸ்-ஓ₄. அதேபோல நைத்திரைட்டு என்பது நைதரசன் மட்டும், நைத்திரைற்று என்-ஓ₂, நைத்திரேற்று என்-ஓ₃.

வகுப்பில் நான் இதை வாயால் திருத்துகிறேன். ‘ட்டு’ என்னும்போது நாக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொடும்; ‘ற்று’ என்னும்போது பல்லின் பின்புறத்துக்கு மேலே பல்லீறில் படும். பத்துத் தடவை சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு எழுத்தில் கண்டதும் வேறுபாடு தெரியும். ‘ட்டு’ என்றால் பொதுவாக இரண்டு மூலகங்கள் மட்டுமே. ஐதரொட்சைட்டும் சயனைட்டும் விலக்கு. ‘ற்று’ என்றால் உள்ளே ஒட்சிசன் உண்டு. ‘ஏற்று’ கூடுதலான ஒட்சிசனையும் ‘ஐற்று’ அதைவிட ஒன்று குறைவானதையும் குறிக்கும். இந்தச் சோடிகளில் ஏற்றம் மாறுவதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்: சல்பேற்றுக்கும் சல்பைற்றுக்கும் 2, நைத்திரேற்றுக்கும் நைத்திரைற்றுக்கும் 1.

ஆனால் ஒட்சிசன் எத்தனை என்பதை விகுதி சொல்லாது. நைத்திரேற்றில் மூன்று, சல்பேற்றில் நான்கு, காபனேற்றில் மூன்று, பொசுபேற்றில் நான்கு. இவற்றை மனனம் செய்யத்தான் வேண்டும். மனனத்துக்கு எதிரியான நான் விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் இதுதான். ஏற்றம் 1 உள்ள அமோனியம், ஐதரொட்சைட்டு, நைத்திரேற்று, ஐதரசன் காபனேற்று. ஏற்றம் 2 உள்ள காபனேற்று, சல்பேற்று. ஏற்றம் 3 உள்ள பொசுபேற்று. இவற்றில் அமோனியம் மட்டுமே நேர் ஏற்றம் உள்ளது. ஏழு பெயர்கள், ஒரு வாரம்.

கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தடுமாற்றம் வருகிறது. அங்கே தனிமம், சேர்மம், இணைதிறன், ஆக்சிஜன், எலக்ட்ரான் என்பவை இங்கே மூலகம், சேர்வை, வலுவளவு, ஒட்சிசன், இலத்திரன். காணொளியைத் தடுக்கவேண்டியதில்லை, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல்களாக எழுதி வைத்தால் போதும். ஆனால் விடைத்தாளில் இரண்டு வழக்கையும் கலந்து எழுதினால், திருத்துபவர் அல்ல, எழுதும் பிள்ளையே நடுவழியில் குழம்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

அறிகுறி: சமன்பாட்டைச் சமன்படுத்தும்போது சூத்திரமே மாறிவிடுகிறது

மகனீசியம் நாடாவை எரிக்கும் தாக்கத்தில் இடப்பக்கம் ஓ₂ இருப்பதால் வலப்பக்கம் எம்ஜீ-ஓ₂ என்று எழுதிவிட்டால் ஒட்சிசன் சமன்படும், சேர்வை பிழையாகிவிடும். எம்ஜீ-ஓ₂ என்பது எரியும்போது வரும் அந்த வெண்தூள் அல்ல. நான் கொடுக்கும் வைத்தியம் மிக எளியது: சூத்திரம் ஒவ்வொன்றையும் சரிபார்த்தவுடன் அதைச் சுற்றிப் பென்சிலால் பெட்டி கீறவேண்டும், பெட்டிக்குள் அதன்பின் கை நுழையக் கூடாது. பெட்டிக்கு முன்னால் மட்டுமே எண்ணைப் போடலாம். 2 எம்ஜீ + ஓ₂ → 2 எம்ஜீ-ஓ.

எண்ணிப் பழக நம்மூர்க் கேத்தல் நல்ல உதாரணம். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரைத் தொடர்ந்து கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஒன்று கல்லாக இறுகியிருக்கும். வன்னீரில் கரைந்திருக்கும் கல்சியம் ஐதரசன் காபனேற்று சூட்டில் பிரிவதால் வருவது அது: சீஏ-(எச்-சீ-ஓ₃)₂ → சீஏ-சீ-ஓ₃ + எச்₂-ஓ + சீ-ஓ₂. இடப்பக்கம் கல்சியம் 1, ஐதரசன் 2, காபன் 2, ஒட்சிசன் 6, வலப்பக்கமும் அவ்வாறே. எண்ணிக்கை ஒத்துவராத பிள்ளை அடைப்புக்குறிக்கு வெளியேயுள்ள 2ஐ ஒட்சிசனுக்கு மட்டும் பெருக்கியிருக்கும்; அப்படியானால் மேலே அடைப்புக்குறி பற்றிய அறிகுறிக்குத் திரும்பவும்.

அறிகுறி: இரும்புக்கு எந்த வலுவளவை எடுப்பது என்று தெரியவில்லை

பிள்ளை இங்கே பிழை விடவில்லை, வினாவை முழுவதும் வாசிக்கவில்லை. இரும்பு 2 ஆகவும் 3 ஆகவும் வலுவளவு காட்டும்; செம்பு 1 ஆகவும் 2 ஆகவும். எதை எடுப்பது என்பதைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் உரோம இலக்கம் சொல்லும். அந்த இலக்கம் இரும்பு அணுக்களின் எண்ணிக்கை அல்ல, ஓர் இரும்பு அயனின் ஏற்றம். இதை மறந்த பிள்ளை இரும்பு மூன்று குளோரைட்டை எவ்ஈ₃-சீஎல் என்று எழுதும்; சரியானது எவ்ஈ-சீஎல்₃.

இரண்டு வலுவளவும் ஒரே வாளியில் தெரியும் இடங்கள் வன்னியில் உண்டு. சில குழாய்க்கிணறுகளின் நீர் இறைத்த உடன் தெளிவாக இருக்கும். வாளியில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் மங்கி, அடியில் காவி நிறத்தில் படிந்திருக்கும். நிலத்துக்கு அடியில் காற்றுப் படாமல் கரைந்திருந்தது எவ்ஈ²⁺. காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் ஒவ்வோர் அயனும் இன்னோர் இலத்திரனை இழந்து எவ்ஈ³⁺ ஆகி, கரையாத எவ்ஈ-(ஓ-எச்)₃ ஆகப் படிகிறது. முற்றத்துச் செம்மண்ணின் நிறத்துக்கும் இந்த மூன்றாம் ஏற்றத்து இரும்பின் ஒட்சைட்டே காரணம். எவ்ஈ₂-ஓ₃ என்ற சூத்திரத்தில் மூன்று ஒட்சிசனுக்கு ஆறு எதிர், இரண்டு இரும்புக்கு ஆறு நேர்.

பெயரில் உரோம இலக்கம் தராமல் சூத்திரத்தை மட்டும் தந்து ஏற்றத்தைக் கேட்டால், கணக்கைப் பின்னோக்கி ஓட்டவேண்டும். முல்லைத்தீவுக்குத் தெற்கே கொக்கிளாயிலும் அதற்கு அப்பால் புல்மோட்டையிலும் கடற்கரையில் காணப்படும் கறுப்பு மணலின் முக்கிய கனியம் இல்மனைற்று. அதன் சூத்திரம் எவ்ஈ-ரீஐ-ஓ₃. இதில் தைத்தேனியத்தின் ஏற்றம் 4 என்று தந்துவிட்டு, இரும்பின் ஏற்றத்தை நான் கேட்பது வழக்கம். செம்மண்ணை அப்போதுதான் படித்த பிள்ளைகள் அவசரப்பட்டு 3 என்பார்கள். ஒட்சிசன் மூன்றுக்கு எதிர் ஆறு. தைத்தேனியம் நான்கை ஈடுகட்டிவிட்டது. இரும்புக்கு எஞ்சியிருப்பது 2.